முதல் முயற்சி: ...... கிலோ

படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் வெறுமை.
பெயர் எழுதியாயிற்று. உடல் நிறை ஐம்பத்தாறு.
கழகத்தின் முகவரி: பரந்தன் சந்தி, ரயர் கடைக்குப் பின்னால்.
அப்படி எழுதாதையடி என்றாள் தர்மிகா.
எழுதிவிட்டேன்.
முதல் முயற்சி, எத்தனை கிலோ?

ஒரேயொரு தரம் மட்டும் தூக்கக்கூடிய அந்த உச்சத்தை
ஒருநாளும் நான் தூக்கிப் பார்த்ததில்லை.
நாரி பிடித்துக்கொண்டால்
நாளைக்கு மில்லில் யார் கணக்கெழுதுவது?
ஆகையால் ஊகம்.
அறுபதை நிலத்திலிருந்து ஐந்து தரம் உருவினேன்.
ஆறாவதுக்குக் குனிந்தபோது
விரல்கள் எனக்கு முன்னமே முடிவெடுத்திருந்தன.

தர்மிகாவின் கைபேசியில் இரண்டு சூத்திரம்.
ஒன்று முப்பதால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, பெருக்கி
எழுபது என்கிறது, கண் சிமிட்டாமல்.
மற்றது முப்பத்தேழிலிருந்து கழித்துக் கழித்து
அறுபத்தேழரையில் நின்றுவிடுகிறது.
இடையில் இரண்டரைக் கிலோ.
அவள் பிரசவ விடுதித் தாதி.
"இரண்டரைக்குக் கீழ பிறந்தா
நாங்கள் தனியாக் குறிச்சு வைப்பம்" என்றாள்.
சின்ன வித்தியாசமில்லை என்பதைச் சொல்கிறாளாம்.

ஞாயிறு. மில் பூட்டு. திறப்பு என்னிடம்.
தட்டுகளைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு
இரண்டு நடை.
நீட்டுக் கம்பியைத் தோளில் வைத்தபடி தர்மிகா,
ஏ-ஒன்பது வீதியில் பஸ்காரர் எல்லாம் ஹோர்ன் அடிக்க.
நெல் நிறுக்கும் தராசில் ஏற்றினோம்.
இருபது என்று புடைத்த எழுத்தில் இருக்கும் தட்டு
பதினெட்டுத் தசம் ஏழு.
சோடியும் அப்படியே.
கம்பி பதினேழு தசம் நாலு.
எந்தப் பட்டறையில் வார்த்தது,
எந்த இரும்பை உருக்கியது
என்று இந்தப் பக்கத்தில் ஒருவரும் கேட்பதில்லை.

ஆக, நான் தூக்கியது ஐம்பத்துநாலு தசம் எட்டு.
எழுபது அறுபத்துநாலாய் இளைத்தது,
அதுவும் முழுதாக இல்லை.
மில் தராசு பொய் சொல்லுமென்று ஊர் முழுக்கப் பேச்சு.
எனக்கு மட்டும் உண்மை சொல்லித் தொலைத்திருக்கிறது.
அல்லது எனக்கும் பொய்தானோ?

திங்கள் விடிய லொறி வந்தது.
சவரிராசா அண்ணன் ஏற்றினார்,
மூட்டை அறுபத்தாறு கிலோ.
நான் மேசையில் இருந்து
மூட்டைக்கொரு கோடு.
நாலு நிமிர்ந்த கோடு, ஐந்தாவது குறுக்கே.
மத்தியானத்துக்குள் நூற்றிருபது.
சும்மா ஒருக்கா அவரைச் சூத்திரத்தில் போட்டேன்.
முந்நூற்று முப்பது!
பத்துத் தரத்துக்கு மேல் பொருந்தாது என்று
அடியில், எறும்பு போன்ற எழுத்தில் ஒரு வரி.

"அண்ணை, ஒரேயடியா எவ்வளவு தூக்குவியள்?"
தண்ணீர்ப் போத்தலை வாயிலிருந்து எடுக்காமலே யோசித்தார்.
பிறகு சொன்னார்:
"ஒருக்காத் தூக்கினா ஒரு மூட்டைக் காசுதானே, தங்கச்சி."
சாரத்தை மடித்துக் கட்டி எழும்பினார்.
லொறியில் இன்னும் இடம் கிடந்தது.

பின்னேரம் தர்மிகா வந்து
படிவத்தைப் பறித்துப் பார்த்தாள்.
இண்டைக்குத்தான் கடைசி நாள்,
கிளிநொச்சிக் கந்தோர் நாலரைக்குப் பூட்டுவாங்கள்,
அங்கே போட்டியில் வைக்கப்போகும் தட்டுகள்
உண்மையான இருபது என்றெல்லாம்
மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு வந்தவள்
வெறுங்கட்டத்தில் வந்து நின்றாள்.

அது வெறுமையாக இல்லை.
நூற்றிருபத்தோராவது மூட்டை போனபோது
கை பழக்கத்தில் கொப்பி தவறி
அங்கே ஒரு கோடு விழுந்திருக்கிறது.

"என்னடி இது, ஒரு கிலோவா?"

பேனையை வாங்கினேன்.
கோட்டை அழிக்கவில்லை.
அதன் பக்கத்தில்
ஆறு.